உதட்டை மறைத்து

கொண்டலாம்பட்டியில் எங்கள் தறிக்கூடத்தில்
குரலுக்கு வேலை இல்லை.
இருபத்து நாலு விசைத்தறி ஓடும்போது
காது, தோடு மாட்டத்தான்.
நாலு தறி தள்ளி நிற்கிற செண்பகா
‘டீ’ என்றால் பல் தெரியும்,
‘நூல்’ என்றால் உதடு கூம்பும்.
முதலாளி வருகிறார் என்பதற்கு
இல்லாத மீசையை முறுக்குவாள்.
சீட்டுப் பணம், புருஷன்மார், அவளுடைய கர்ப்பப்பைக் கட்டி,
பதினோரு வருஷமாக எல்லாம் பேசிவிட்டோம்,
சத்தமே இல்லாமல்.

அதனால்தான் தர்ஷித் பிறந்தபோது
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
என் வாயைப் பார்த்துச் சிரித்தான்.
நானும் வாயைத்தானே அசைத்தேன்.
ஒன்றரை வயதில், தீபாவளிக் காலையில்,
லட்சுமி வெடிக்குத் தெருவே காதைப் பொத்தியது.
அவன் மட்டும் குனிந்தபடி
தட்டுவடையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் முடிந்து, காதுக்குப் பின்னால் கருவி வைத்து,
அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறை.
ஜெசிந்தா மேடம் முதலில் மின்விசிறியை நிறுத்துவார்.
பிறகு ஜன்னலை,
அதில் தெரிகிற ஏற்காடு மலையோடு சேர்த்துச் சாத்துவார்.
மே மாதம். மூன்று பேருக்கும் வேர்த்து ஒழுகும்.
ஒரு ஆ. ஒரு ஊ. ஒரு ஈ. ஒரு ம்.
ஒரு ஸ். ஒரு ஷ்.
புளியங்கொட்டையைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு
காத்திருக்க வேண்டும்;
கேட்டால் டப்பாவில் போட வேண்டும்.

ஷ் மட்டும் விழவே இல்லை.
ஜோசியர் வைத்த பெயர்.
நடுவில் ஷ கட்டாயம் என்று
நூற்றியொரு ரூபாய் வாங்கிக்கொண்டார்.
என் பிள்ளைக்கு அவன் பெயரே
நடுவில் இழை அறுந்த துணி.

மூன்றாவது வாரம் மேடம் என்னிடம் சொன்னார்:
“பேசும்போது வாயை மறைச்சுக்குங்க.
பார்த்தே புரிஞ்சுக்கிறான். கேட்கட்டும்.”
கையில் ஒரு வெள்ளை அட்டை கொடுத்தார்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது அந்த ஒரு பாஷைதான்.
அதை அட்டைக்குப் பின்னால் வைத்தேன்.
சோறு என்றேன். சோறு, சூடான சோறு, இதோ சோறு.
எனக்கே யாரோ போல இருந்தது என் குரல்,
கரகரவென்று, கொஞ்சம் ஆம்பிளைத்தனமாக.
அவன் அட்டையைப் பிடுங்குவான், கடிப்பான்.
ஓரமெல்லாம் பல்தடம்.
அழுதால் அவனுக்குத் தெரியாது,
அதற்கு மட்டும் அட்டை வசதி.

முதல் வார்த்தை அம்மா இல்லை.
‘போச்சு.’
பேட்டரி தீர்ந்ததும் நான் சொல்லிச் சொல்லி
அவன் எடுத்துக்கொண்டது.

தறிக்கூடத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது என்றிருந்தார் மேடம்.
போனேன். வேறு யார் பார்ப்பார்கள்?
நூல் கட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்தேன்.
ஒரு தரம் தறி ஓரமாகக் குனிந்தான்;
தலையில் ஒட்டியிருந்த காந்த வில்லை
இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது.
செண்பகா பிய்த்துக் கொடுத்தாள், முந்தானையில் துடைத்து.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
இருபத்து நாலும் ஒன்றாக நின்றன.
எங்களுக்கெல்லாம் காது ங்கொய் என்றது.
அவன் காதுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தான்.
“போச்சு.”

இல்லடா சாமி, கரண்ட்டுதான் போச்சு,
உன் காது அங்கேயேதான் இருக்கு என்றேன்.
என்றேன் என்று நினைத்தேன்.
பழக்கம். உதடு மட்டும் அசைந்திருக்கிறது.
அங்கிருந்தே செண்பகா புரிந்துகொண்டு
தலையை ஆட்டினாள்கூட.

அவன் என்னையே பார்த்தான்.
மடியில் ஏறினான்.
பஞ்சும் பிஸ்கட்டும் ஒட்டிய உள்ளங்கையால்
என் வாயை மூடினான்.
மூடிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான்,
இன்னொரு கை கன்னத்தருகே,
விரல்களுக்குள் இல்லாத ஒரு புளியங்கொட்டை.

தர் என்றேன்.
அங்கே நிறுத்தி,
அடுத்த எழுத்தை அவன் விரலிடுக்கில் மெதுவாக விட்டேன்.

கன்னத்திலிருந்து கை இறங்கியது.
அதற்காக இறங்கியதா,
கரண்ட் வந்ததற்காகவா,
சொல்ல முடியவில்லை.
இருபத்து நாலும் ஓட ஆரம்பித்திருந்தன.